தலை மாறிய நட்சத்திரம்

மார்பில் ஏறிய மகுடங்கள் – 11

1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்குக் கப்பலேறினார். பதினெட்டாம் லூயி பாரிஸுக்குத் திரும்பி அரியணையில் அமர்ந்தார். அரண்மனைச் சுவர்களில் இருந்த கழுகுச் சின்னங்களை இறக்க நாலு கொத்தனார்கள் போதும். பல்லாயிரம் ஆண்களின் கோட்டில் தொங்கிய கழுகை யார் இறக்குவது?

அந்தக் கழுகு, நெப்போலியன் தொடங்கிய லெஜியோன் தொனேர் என்ற வீரவரிசைப் பதக்கத்தின் பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கத்தில் நெப்போலியனின் தலை. பதக்கத்தையே ஒழித்திருந்தால் அதைப் போர்க்களத்தில் சம்பாதித்த படைவீரர்கள் புது அரசரை ஒருநாளும் மன்னித்திருக்க மாட்டார்கள். லூயி அந்த வம்புக்குப் போகவில்லை. 1814 ஜூலையில் ஓர் ஆணை வந்தது: பதக்கம் இருக்கட்டும், தலையை மட்டும் மாற்றுங்கள். நெப்போலியன் இருந்த இடத்தில் நான்காம் ஹென்றி. கழுகு இருந்த இடத்தில் மூன்று லில்லிப் பூக்கள். ஹென்றி பூர்போன் வம்சத்தின் முதல் அரசர். 1610-இல் கொலையுண்டவர். 200 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போனவர் மீது யாருக்கு என்ன கோபம் இருக்கப் போகிறது? தன் முகத்தைப் போட்டுக்கொள்ளாமல் மூதாதையின் முகத்தைப் போட்ட லூயியின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

லெஜியோன் தொனேரின் நடுவட்டம் தனியாகச் செய்து பொருத்தப்படுவது. கைதேர்ந்த ஆசாரி அதை நெம்பி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். புதிதாக ஒன்று வாங்க மனமோ பணமோ இல்லாதவர்கள் அதைத்தான் செய்தார்கள். உடம்பு பேரரசுக் காலத்தது, தலை மன்னராட்சிக் காலத்தது என்று இன்றைக்கும் சேகரிப்பாளர்களின் கைக்கு ஒட்டுப் பதக்கங்கள் வருகின்றன. விவரம் தெரியாதவர் போலி என்று ஒதுக்குவார். தெரிந்தவர் கூடக் கொஞ்சம் கொடுத்து வாங்குவார்.

போன அத்தியாயத்தில் தங்கக் கம்பளி வரிசையின் ஆட்டுச் சின்னத்தைக் கழுத்தில் தொங்கவிட்ட பிரபுக்களோடு நிறுத்தினோம். அவர்களுடைய குட்டிப் பதக்கங்கள், அதாவது மினியேச்சர்கள், பெரும்பாலும் அழகுக்காக. பிரான்ஸில் மினியேச்சர் பிறந்த காரணம் வேறு. முழு அளவு லெஜியோன் தொனேர் ஏறத்தாழ 4 செ.மீ. அகலம். வெள்ளை எனாமல் பூசிய கூர்முனைகள் கோட்டின் பொத்தானில் இடித்தால் தெறிக்கும். குதிரையேறும்போது துணியில் மாட்டும். விருந்துக்கும் நாடகத்துக்கும் போகிறவர் அதைச் சுமந்து திரிய முடியாது. ஆகவே அதே நட்சத்திரத்தை ஒன்றரை செ.மீ. அளவில் நகைக்கடையில் செய்யச் சொல்லிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

முதல் பேரரசுக் காலத்தில் பெரிய பதக்கத்தைக் கொடுத்தது அரசு. சின்னதை வாங்கியது ஆள், தன் கைக்காசில். இந்தத் தொடரில் நான் குட்டிகளையே கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் இதுதான். பெரியதற்கு விதிமுறை உண்டு. சின்னதற்கு வாங்குகிறவரின் பணப்பையும் ரசனையும் அரசியலுமே விதி. ஒருவர் வைரம் பதித்துக்கொள்வார், இன்னொருவர் மெல்லிய வெள்ளித் தகட்டோடு நிறுத்திக்கொள்வார். ஆட்சி மாறிய மறுமாதமே தலையை மாற்றியவரும் உண்டு. பழைய தலையை இழுப்பறையில் பூட்டிவைத்துக் காலம் வரட்டும் என்று காத்திருந்தவரும் உண்டு. சில மாதங்கள் காத்திருந்தாலே போதுமாயிருந்தது: 1815 மார்ச்சில் நெப்போலியன் திரும்பி வந்தார். 100 நாளில் வாட்டர்லூவில் மறுபடி தோற்றுப்போனார். ஹென்றியின் தலைக்கு மறுபடி கிராக்கி.

இந்தக் குட்டி நட்சத்திரத்தின் ஜாதகத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால்தான் அடையாளம் காண்பது எளிது. 1791-இல் புரட்சி அரசு பழைய வீரவரிசைகள் அனைத்தையும் ஒழித்தது. எல்லோரும் சமமான குடிமக்கள், மார்பில் மின்னுவது எதற்கு என்பது வாதம். 11 ஆண்டு கழித்து, 1802 மே 19 அன்று, முதல் கான்சலாக இருந்த நெப்போலியன் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். எதிர்ப்பில்லாமல் இல்லை, சட்டமன்றத்தில் 166 பேர் ஆதரித்தார்கள், 110 பேர் எதிர்த்தார்கள். இதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று ஒருவர் ஏளனம் செய்தபோது, மனிதர்களை நடத்திச் செல்வது இந்த விளையாட்டுச் சாமான்களை வைத்துத்தான் என்று நெப்போலியன் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

பதக்கத்துக்கு உருவம் கிடைத்தது 1804-இல்தான். அதற்குள் அவர் பேரரசர். அந்த ஜூலை 15 அன்று பாரிஸ் ஆன்வாலிடில் முதல் விநியோகம். ஆகஸ்ட் 16 அன்று கடற்கரையோரம் புலோன் படைமுகாமில் இரண்டாவது. பழைய அரசர்களின் வரிசைகள் சிலுவை வடிவில் இருந்தன. இதற்கு ஐந்து கைகள் கொண்ட நட்சத்திரம். ஒவ்வொரு கையும் நுனியில் இரண்டாகப் பிளந்து, மொத்தம் 10 முனை. இருந்தும் பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை அதைச் சிலுவை என்றே சொல்கிறார்கள். பழக்க தோஷம்.

இனி கையில் ஒரு குட்டியை எடுத்துக்கொள்வோம். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும்; நகைக்கடையில் கண்ணில் மாட்டிக்கொள்வார்களே, அது போதும். முதலில் தலைக்கு மேலே பாருங்கள். நட்சத்திரம் நேரடியாக வளையத்தில் தொங்கினால் இரண்டே காலம்தான்: 1804-க்கும் 1806-க்கும் இடையில், அல்லது 1848-க்கும் 1852-க்கும் இடையில். கிரீடத்தில் தொங்கினால் 1806-க்குப் பிறகான ஏதோ ஒரு முடியாட்சி. கருவேல இலையும் லாரல் இலையும் பின்னிய வளையத்தில் தொங்கினால் 1870-க்குப் பிந்தைய குடியரசு. பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது நடுவட்டம். குட்டியில் இது ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு முகம், அதைச் சுற்றி நீல எனாமல் வளையம், வளையத்தின் மேல் எழுத்துகள். பாரிஸ் வேலைப்பாட்டின் உச்சத்தை இந்தப் பருப்புக்குள் பார்க்கலாம். நல்ல குட்டியில் ஹென்றியின் தாடி மயிர் தெரியும். மட்டமானதில் ஹென்றியும் நெப்போலியனும் ஒரே உருளைக்கிழங்கு. ஆகவே முகம் மழுங்கியிருந்தால் தாடி உண்டா இல்லையா என்று மட்டும் பாருங்கள். தாடி இருந்தால் ஹென்றி. அப்புறம் திருப்புங்கள். பின்பக்கம் மூன்று லில்லி என்றால் 1814 முதல் 1830 வரை. குறுக்காகச் சாய்ந்த இரண்டு மூவர்ணக் கொடிகள் என்றால் 1830 புரட்சிக்குப் பிறகு வந்த லூயி பிலிப் காலம். அவர் லில்லிப் பூக்களைத் தூக்கினார். ஹென்றியைத் தொடவில்லை, ஏனென்றால் ஹென்றி அவருக்கும் மூதாதை.

1848-இல் குடியரசு வந்ததும் நடந்ததுதான் வேடிக்கை. கிரீடம் போயிற்று, ஹென்றி போனார். திரும்பி வந்தவர் நெப்போலியன்! ஆனால் பேரரசராக அல்ல. ‘போனபார்ட், முதல் கான்சல், 19 மே 1802’ என்ற வாசகத்தோடு. பேரரசராக முடிசூடும் முன் இருந்த குடியரசு ஊழியரைத்தான் நாங்கள் வணங்குகிறோம் என்று குடியரசுவாதிகள் தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியனைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நாலு ஆண்டில் அவர் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பேரரசர் ஆனார். பதக்கத்தில் கிரீடமும் கழுகும் வந்து ஒட்டிக்கொண்டன.

இங்கேதான் சிக்கல். பெரியப்பா காலத்துப் பதக்கத்திலும் நெப்போலியன் தலை, கழுகு, கிரீடம். மகன் காலத்துப் பதக்கத்திலும் அவையேதான். இரண்டுக்கும் நடுவே 40 ஆண்டு. விலையில் வித்தியாசம் பல மடங்கு. முதல் பேரரசின் கிரீடம் பொதுவாகச் சிறியது, இரண்டாம் பேரரசின் கிரீடம் பெருத்தது என்பது ஓர் அறிகுறி. ஆனால் அளவையும் நேர்த்தியையும் ஆசாரி இஷ்டத்துக்கு விட்ட குட்டிகளில் இந்த அறிகுறியை நம்பிக் காசு போட முடியாது. பன்றியை நம்பலாம்.

1838 மே 10 முதல் பிரான்ஸில் புதிய முத்திரை முறை நடைமுறைக்கு வந்தது. நம்மூர் ஹால்மார்க் போலத்தான், ஆனால் எழுத்துக்குப் பதில் மிருகங்கள். பாரிஸில் சோதித்த சிறு வெள்ளிப் பொருளுக்குக் காட்டுப்பன்றித் தலை. மாகாணங்களில் சோதித்ததற்கு நண்டு. 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை. குட்டிப் பதக்கத்தில் இவற்றை ரிப்பன் கோக்கும் வளையத்தில் அடிப்பார்கள். முத்திரை ஒரு மில்லிமீட்டர் தேறுமா என்பதே சந்தேகம். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவைத்து வளையத்தை மெல்லச் சுற்றினால், கீறல் என்று நினைத்த இடத்தில் ஒரு மூக்கும் காதும் எழுந்து வரும். பன்றி தெரிந்தால் வாட்டர்லூ பேச்சை விட்டுவிடலாம். அந்த வெள்ளி 1838-க்குப் பிறகுதான் சந்தைக்கு வந்தது. நெப்போலியன் 1821-லேயே செயின்ட் ஹெலினாவில் இறந்துவிட்டார்.

அதிலும் ஓர் இக்கு உண்டு. வளையம்தான் எதைவிடவும் முதலில் தேய்ந்து அறுகிற உறுப்பு. 1809-இல் செய்த குட்டிக்கு 1860-இல் புது வளையம் போட்டிருக்கலாம். அப்போது பன்றி வளையத்துக்கு மட்டுமே சாட்சி, பதக்கத்துக்கு அல்ல. வளையமும் உடம்பும் ஒரே நிறத்தில் கறுத்திருக்கின்றனவா, பற்றவைத்த தழும்பு உண்டா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

1860-இல் புது வளையம் யாருக்குத் தேவைப்பட்டிருக்கும்? 40 ஆண்டாகப் பெட்டியில் தூங்கிய பதக்கங்களைக் கிழவர்கள் வெளியே எடுத்த காலம் அது. 1857-இல் மூன்றாம் நெப்போலியன் செயின்ட் ஹெலினா பதக்கத்தைத் தொடங்கினார். 1792 முதல் 1815 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் போரிட்டு இன்னும் உயிரோடு இருப்பவர்கள் அனைவருக்கும், வெண்கலத்தில், பச்சையும் சிவப்புமான ரிப்பனில். வாங்கியவர்கள் 4 லட்சம் பேர் அளவுக்கு. அதற்கும் குட்டிகள் செய்தார்கள். சில சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. ஒரு செயின்ட் ஹெலினா குட்டியும் ஒரு லெஜியோன் தொனேர் குட்டியும் ஒரே பின்னில் சேர்ந்து வந்தால், இரண்டாவது எந்தக் காலத்து வேலை என்பதற்கு முதலாவதே பெரிய துப்பு.

1870-க்குப் பிந்தைய குட்டிகள் மலிவு. ஐரோப்பியச் சந்தைகளில் குவிந்து கிடக்கின்றன. முன்பக்கம் குடியரசின் பெண்முகம், சுற்றிலும் ‘பிரெஞ்சுக் குடியரசு 1870’. இதைப் பார்த்துவிட்டுப் பிரஷ்யப் போர்ப் பதக்கம் என்று விற்கிறவர்கள் உண்டு, நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. அந்த ஆண்டு குடியரசு பிறந்த ஆண்டு, அவ்வளவே. 1916-இல் வெர்தனில் காலை இழந்தவருக்கும் 1870தான், 1935-இல் கல்லூரி முதல்வராக ஓய்வுபெற்றவருக்கும் 1870தான். 1951-இல்தான் அந்த எண்ணை எடுத்தார்கள். நாம் நன்கறிந்த ‘செவாலியே’ சிவாஜி கணேசனுக்கு 1995-இல் பிரான்ஸ் கொடுத்தது இந்த வரிசையில் இல்லை. 1957-இல் தொடங்கிய கலை இலக்கிய வரிசையில். செவாலியே என்பது இரண்டிலும் உள்ள ஒரு படிநிலை. லெஜியோன் தொனேரில் அதற்கு மேல் நாலு படி உண்டு. குட்டியில் செவாலியே என்றால் வெள்ளி, அதற்கு அடுத்த படி என்றால் தங்கம், கூடவே ரிப்பனில் ஒரு வட்டக் குஞ்சம்.

உரியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. குட்டிகளில் பெயர் பொறிப்பது அபூர்வம். லெஜியோன் தொனேரின் தலைமையகமான பாரிஸ் சல்ம் மாளிகை 1871 மே மாதம் கம்யூன் கலவரத்தில் எரிந்துபோனதில் பழைய கோப்புகளும் சாம்பலாயின. பிறகு குடும்பங்களிடமிருந்தும் மற்ற அலுவலகங்களிலிருந்தும் திரட்டி மறுபடி எழுதினார்கள். 1977-க்கு முன் இறந்தவர்களின் கோப்புகளைப் பிரான்ஸின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்று யாரும் தேடலாம். ஆனால் கோப்பைத் தேட ஒரு பெயர் வேண்டுமே! அந்தப் பெயர் பதக்கத்தின் பெட்டியிலோ கூட வந்த கடிதத்திலோதான் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பதக்கத்தை மட்டும் விற்கிற வியாபாரிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டென்மார்க்கில் கதை தலைகீழ். அங்கே டன்னப்ரோக் வரிசைச் சிலுவையை, வாங்கியவர் இறந்தால் அரசிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். குட்டியோ சொந்தக் காசில் வாங்கியது. அதை யாரும் கேட்க மாட்டார்கள். பெரியது அரண்மனைக்குப் போக, சின்னது பேரனுக்குப் போகும், பேரனிடமிருந்து சந்தைக்கு. வெள்ளை எனாமல் சிலுவை, ஓரம் சிவப்பு. உச்சியில் கிரீடத்தின் கீழ், கொடுத்த அரசரின் பெயரெழுத்து. ஒன்பதாம் கிறிஸ்டியன் என்றால் 1863 முதல் 1906 வரை. எட்டாம் பிரடெரிக் என்றால் 1912 வரை, ஆறே ஆண்டு, ஆகவே கிடைப்பது அரிது. பத்தாம் கிறிஸ்டியன் என்றால் 1947 வரை. பின்பக்கம் 1219, 1671, 1808 என்று மூன்று ஆண்டுகள். எந்த அரசர் காலத்துக் குட்டியிலும் இவை மாறா. டேனியக் கொடி வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லும் ஆண்டு, வரிசையைத் தோற்றுவித்த ஆண்டு, அதை விரிவாக்கிய ஆண்டு.

சிலுவையின் நடுவில் இருப்பது தோற்றுவித்த ஐந்தாம் கிறிஸ்டியனின் பெயரெழுத்து: ஒரு ‘சி’, அதனோடு ஒரு 5, மேலே கிரீடம். தரங்கம்பாடிக் காசு சேர்த்தவர்களுக்கு இது பழகிய முகம். 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த அந்த ஊரில் ஐந்தாம் கிறிஸ்டியன் காலத்தில் அவர்கள் அடித்த காசுகளில் இதே எழுத்து இதே கிரீடத்தோடு வரும். காசில் ஆசாரியின் அச்சு கோணலாக விழுந்திருக்கும், சிலுவையில் கோபன்ஹேகன் பொற்கொல்லரின் கை நின்று விளையாடியிருக்கும். எழுத்து ஒன்றுதான்.

ரிப்பனைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நம்பாதீர்கள். பட்டு இற்றுப்போகும், எந்தத் தலைமுறையிலும் மாற்றியிருப்பார்கள். புற ஊதா விளக்கின் கீழ் நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எனாமலிலும் கவனம் வேண்டும். சூளையில் சுட்ட உண்மையான எனாமல் கண்ணாடி. அடிபட்டால் சில்லாகத் தெறிக்கும், விளிம்பு கூராக இருக்கும். பின்னால் யாரோ பிசின் பூசி ஒட்டுப்போட்டிருந்தால் அந்த இடம் மெழுகுபோல் மங்கும், காலப்போக்கில் மஞ்சளாகும். நகையைக் கழுவும் அதிர்வு இயந்திரத்தில் இவற்றைப் போடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசலில் அதிர்வு ஏறினால் கை முழுவதும் உதிர்ந்து வெறும் வெள்ளி எலும்புதான் மிஞ்சும்.

தலை மாற்றும் கலை பிரான்ஸோடு முடியவில்லை. பெல்ஜியத்தின் லெயோபோல்ட் வரிசையில் 1832 முதல் பிரெஞ்சு வாசகம் மட்டுமே இருந்தது. 1950-களின் தொடக்கத்தில்தான் டச்சு மொழியும் வளையத்துக்குள் இடம் பிடித்தது. இரண்டு மொழி என்றால் பிந்தையது, ஒன்று என்றால் முந்தையது. மொழிச் சண்டையை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் கூர்மையானது. 1945-க்குப் பிறகு போர்க்காலப் பதக்கங்கள் எதையும் அணியத் தடை. 1957 ஜூலையில் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: அணியலாம், ஸ்வஸ்திகா மட்டும் கூடாது. 1939 இரும்புச் சிலுவையின் நடுவில் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் மூன்று கருவேல இலைகள் வந்தன. போர்ச்சேவைச் சிலுவையின் நடுவில் 1939 என்ற எண் வந்தது. லூடன்ஷைட் ஊரின் ஷ்டைன்ஹவர் உண்ட் லூக் போன்ற நிறுவனங்கள் போர்க்காலத்தில் ஒன்றைச் செய்துவிட்டு, பிறகு இதையும் செய்தன.

அங்கே வால் கோட்டின் மடிப்பில் ஒரு மெல்லிய சங்கிலியை இழுத்து அதில் குட்டிகளை வரிசையாகத் தொங்கவிடுவது வழக்கம். இரண்டு போரையும் பார்த்த ஒருவரின் சங்கிலி எப்படியிருக்கும்? முதலில் 1914 இரும்புச் சிலுவை. அதில் கைசர் வில்ஹெல்மின் எழுத்தும் கிரீடமும் அப்படியே இருக்கும், கைசர் 1918-லேயே நாட்டை விட்டு ஓடிப்போனவர் என்றாலும் சட்டம் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து, முதல் போருக்காக 1934-இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் கொடுத்த ஹிண்டன்பர்க் சிலுவை. அதில் ஸ்வஸ்திகா முதலிலிருந்தே இல்லை, ஆகவே மாற்றமும் இல்லை. மூன்றாவதாக, நடுவில் எண் மட்டும் உள்ள போர்ச்சேவைச் சிலுவை. மூன்றும் ஒரே பளபளப்பில், ஒரே தடிமனில், ஒரே மாதிரி வளையத்தில் தொங்கினால், சங்கிலி முழுவதும் 1957-க்குப் பிறகு ஒரே கடையில் வாங்கியது என்று கொள்ளலாம். 1914 என்று பொறித்த அந்த முதல் சிலுவையும் சேர்த்துத்தான்.

(தொடரும்)